பாடுதிரையிலிருந்து நான் கழற்றியது

2025 ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.40. காலைப் பூசையில் பாடல்கள் ஆறு. திரையில் உடைந்தவை நான்கு. உடைத்தவன் ஒருவன்.

என் அன்பு ஜெரி மச்சான்,

அந்த ஒருவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீ "மேட்டருக்கு வா லா" என்பாய். இன்று உன் முதலாமாண்டு நினைவுப் பூசை, கிள்ளானில், உங்கள் கோயிலில். ஓடியது நம் பாடுதிரை. உன் அம்மாவின் மடிக்கணினி. உனக்காகப் பாட வந்த பாடகர் குழு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, நேற்று நான் கை வைக்கும் வரை.

இந்தக் கடிதத்தை நம் திட்டத்தின் பக்கத்திலேயே போடப் போகிறேன். வழக்கமாக அங்கே "பதிப்பு இத்தனை, திருத்தங்கள் இவை" என்று நான்கு வரி எழுதுவேன். இந்த முறை நான்கு வரி போதாது. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் நடுவில் சொல்வேன், பொறுத்துக்கொள். படிக்கிறவர்கள் எல்லாரும் நம்மோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

அவர்களுக்காக: பாடுதிரை என்பது பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும் ஒரு சின்ன மென்பொருள். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸில் ஓடும். பழைய மடிக்கணினிகளில் ஓட வேண்டும் என்பதற்காகவே எழுதியது. ஜெரி என்கிற ஜெரால்டு கத்தோலிக்கன், நான் இந்து. அவன் கோயிலில் பாடகர் குழுவுக்குப் பாட்டுப் புத்தகத்தின் எழுத்து தெரியவில்லை என்று தொடங்கியது. பிறகு என் பெரியம்மாவின் பஜனைக் குழு கேட்டது, அவர்கள் மூலமாக இன்னும் சிலர். கோயில் வேறு வேறு. கண்ணாடி எல்லாருக்கும் தடிமன்.

இந்த மென்பொருளை நாங்கள் ஒரே பொதியாகக் கட்டியிருந்தோம். பொதி என்றால், ஒரு கட்டளை கொடுத்தால் கணினி தானே இறக்கி நிறுவிக்கொள்ளும் மூட்டை. அந்த மூட்டைக்குள் பாட்டுக் காட்டும் நிரல் ஒரு சின்ன மூலையில்தான் இருந்தது. மிச்சமெல்லாம் அதை எழுதுகிறவர்களுக்கான சாமான்கள்: நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், பிழை தேடும் கருவி, சோதனைப் பாடல்கள், திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பார்க்கும் ஆய்வுப் பலகை. பாடுதிரை வேண்டும் என்றால் அத்தனையும் வந்தே தீரும். சட்டை வாங்கினால் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போ என்பது மாதிரி.

கட்டாயம் என்று வைத்தது நீ. விருப்பம் என்று மாற்றச் சொன்னது நான்.

எதனால் சொன்னேன் என்பது நினைவிருக்கிறதா? டெங்கில் ஊரில் பஜனைக் குழு நடத்தும் அங்கிள் போன் செய்தார். அவர்களுக்கு யாரோ கொடுத்த சின்னக் கணினி, அதில் இடமே இல்லை. புதுப்பிக்கும்போது கம்பைலர் இறங்கி, இறங்கி, பாதியில் இடம் தீர்ந்து அப்படியே நின்றுவிட்டது. பாட்டும் போச்சு. "தம்பி, நாங்க பாடத்தான் போறோம். ரிப்பேர் கடை வைக்கப் போறது இல்ல. எதுக்கு இவ்ளோ சாமான் அனுப்புறீங்க?" என்று கேட்டார். கேள்வியை அப்படியே உன்னிடம் கொண்டு வந்தேன். நீ பதில் தயாராக வைத்திருந்தாய்.

வாழையிலைக் கடையில், மாடிப்படி ஓரத்து மேசையில், நீ கையில் ரசத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்:

"எங்க தாத்தா ரயில்வேல வேலை, மச்சான். ஒவ்வொரு வண்டியிலயும் டூல் பாக்ஸ் இருக்கும். பாசெஞ்சர் தொடமாட்டான். ஆனா இருக்கணும்."

"இருக்கணும்டா. டிரைவர்கிட்ட இருக்கணும். நீ ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் வச்சி அனுப்புற."

"தொறந்து பாக்க முடியாத சாமான யார் கையிலயும் குடுக்க மாட்டேன். அப்டி குடுக்கறதுக்கு நான் எதுக்கு லினக்ஸ்ல எழுதணும்?"

"தொறந்து பாக்க ஆசப்படறவன் தனியா எடுத்துக்கட்டும். டெங்கில் அங்கிள் தலையில எதுக்குக் கட்டுற?"

"அவர் ஒருநாள் தொறந்து பாப்பார்."

"அவர் மூக்குக் கண்ணாடியவே தொறந்து பாக்க மாட்டார்."

பரிமாறுகிற அண்ணன் சாம்பார் வாளியோடு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "போஸ், ரெண்டு பேரும் மொதல்ல சண்டைய முடிங்க. இல்லன்னா அப்பளத்தயாச்சும் முடிங்க. அடுத்த ஆள் நிக்கிறாங்க." நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு அன்று உண்மையிலேயே கோபம். இப்போதும் சொல்கிறேன், அந்த வாதத்தில் நான் சொன்னது சரி.

அன்று மாலையே மாற்றத்தை எழுதி உன் பார்வைக்கு அனுப்பினேன். ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்திருந்தேன். பாடுதிரை தனி, பாடுதிரைக் கருவிகள் தனி. இரண்டு வாரம் போனது. பிறகு அதன் கீழே ஒரு குறிப்புப் போட்டாய். இப்போதும் அங்கேயே இருக்கிறது.

"பொறு. இதைப் பயன்படுத்துற ஒரு ஆள் இருக்காங்க. நேர்ல சொல்றேன்."

நேரில் சொல்ல நீ வரவில்லை. டெங்கிக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காய்ச்சல் என்றாய், பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி எல்லாரும் உயிரை எடுக்கிறார்கள் என்று குறுஞ்செய்தி போட்டாய். அடுத்த திங்கட்கிழமை நீ இல்லை. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாது.

பதினோரு மாதம் உன் "பொறு" அப்படியே கிடந்தது. யார் அந்த ஆள் என்று நான் தேடினேனா? தேடினேன், என் மாதிரி ஆள் தேடுகிற விதத்தில். நம் பக்கத்தில் கருவிகளைப் பற்றி யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. யாராவது நிரலில் திருத்தம் அனுப்பியிருக்கிறார்களா? நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ஆக, அந்த ஆள் நீதான் என்று முடிவு கட்டினேன். உன் கருவிகளை நீ விட மனசில்லாமல் "ஒரு ஆள்" என்று கதை விட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இறந்தவனைப் பற்றி இப்படி நினைத்ததை ஒளிக்க விரும்பவில்லை.

ஜூலையில் டெங்கில் அங்கிளின் கணினி மறுபடியும் நின்றது. அன்றே மாற்றத்தைச் சேர்த்துவிட்டேன்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்கிறவர்கள் இதை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் என் தவறு இங்கேதான் இருக்கிறது. ஒரு பொதிக்கும் இன்னொரு பொதிக்கும் என்ன உறவு என்று சொல்ல மூன்று படிகள் உண்டு. முதல் படி, கட்டாயம்: அது இல்லாமல் இது வராது. இரண்டாவது, பரிந்துரை: வேண்டாம் என்று சொன்னால் ஒழிய கூடவே வரும். மூன்றாவது, யோசனை: இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள், தானாக வரவும் வராது.

நீ முதல் படியில் நின்றாய். நான் நேரே மூன்றாவது படிக்குக் குதித்தேன். நடுப்படி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். எடுப்பது என்றால் சுத்தமாக எடுக்க வேண்டும். பதிப்புக் குறிப்பில் இப்படி எழுதினேன்: "சாதாரணப் பயனருக்குத் தேவையில்லாத டெவலப்பர் கருவிகள் நீக்கப்பட்டன." அந்த வரியை எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை. கம்யூட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். உன் நினைவுப் பூசை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று, அம்மாவின் மடிக்கணினியை நானே தயார் செய்வதாகச் சொல்லியிருந்தேன். பாடகர் குழுவின் திரை உன் அம்மா ரீத்தா ஆன்டியின் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். ரீத்தா ஆன்டி சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் முறுக்கு. நான் புதிய பதிப்பை ஏற்றினேன். "இனித் தேவைப்படாதவற்றை நீக்கு" என்ற கட்டளையையும் கொடுத்தேன். கம்பைலர் போனது, பிழை தேடும் கருவி போனது, எல்லாம் வரிசையாகப் போவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்டி, மெஷின் இப்ப லேசாயிருச்சி. தேவையில்லாத சாமான் எல்லாம் எடுத்துட்டேன்."

"அப்படியாப்பா? நல்லது. இன்னும் ரெண்டு முறுக்கு எடு. நீ எளச்சிட்ட."

ஒரு பாட்டைத் திறந்து பார்த்தேன். வந்தது. மூடினேன். ஒரே ஒரு பாட்டு மச்சான். அதுவும் குட்டி வரிகள் உள்ள பாட்டு. சோதனை செய்யாமல் வெளியிடுகிறவர்களைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

இன்று காலை. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது, முன்னால் இருப்பவரைப் பார்த்துத்தான் செய்வேன். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டு தொடங்கியது. திரையில் "கருணைக்கட" என்று ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி "லாகியவரே".

பாதிப் பேர் வரி முடிந்ததே என்று மூச்சு வாங்கினார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் தொடர்ந்து பாடினார்கள். கீபோர்டு வாசித்தவர் யாரோடு போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பினார். அடுத்த வரியிலும் அதே கதை. நான்காவது பாட்டில் பல்லவியே மூன்று துண்டு. குருவானவர் ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. உன் படம் பூவோடு அந்தத் திரைக்குக் கீழேதான் இருந்தது. நீ சிரிக்கிற படம். எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது.

ஆனால் நான் பார்த்தது பாடகர்களை மட்டும் இல்லை. ஓரத்து நாற்காலியில், மடிக்கணினிக்குப் பின்னால், உன் அம்மா ஒரே ஒரு விசையைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசையில், வலப்பக்கம். அமுக்குவது, திரையைப் பார்ப்பது, மறுபடி அமுக்குவது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு திறந்திருந்தது. முன் நாற்காலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்தத் தூரத்திலிருந்தே தெரிந்தது, அது F12. நம் ஆய்வுப் பலகையைத் திறக்கிற விசை.

ஒரு ஆள் இருக்காங்க.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கோப்பியும். பாடகர் குழுத் தலைவர் அல்போன்ஸ் அங்கிள் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "வாங்க இஞ்சினியர்! இன்னிக்கி ஒரே டிக்கெட்ல ரெண்டு குவாயர் கேட்டீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் என் தோளைத் தட்டினார். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ரீத்தா ஆன்டி சிரிக்கவில்லை. ஓர் ஓரத்தில் கணினியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்டி."

"சாரிப்பா கதிர். நான் என்னத்தையோ அமுக்கிட்டேன் போல. வீட்லயே பாத்திருக்கணும். எட்டரைக்குத் தொறந்தா அந்தக் கறுப்புப் பொட்டி வரல. திரும்பத் திரும்ப அமுக்குனேன். இன்னிக்கிப் பாத்து..." உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். "அவன் பூசைல."

"நீங்க ஒண்ணும் பண்ணல ஆன்டி. நான்தான் எடுத்தேன். நேத்து."

"எத?"

"அந்தப் பொட்டிய."

ஆன்டி என்னையே பார்த்தார்கள். "தேவையில்லாத சாமான்னு சொன்னியே, அதுவா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். மச்சான், நீ அதைப் பார்த்திருக்கிறாயா? பார்த்திருப்பாய். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். எந்தச் சொல்லுக்குப் பிறகு வரியை மடக்க வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் ஒரு சின்னக் கோடு. பாடகர்கள் மூச்சு வாங்குகிற இடம். நம் பாடுதிரை திரையின் அகலத்தை அளந்து வரியை மடக்கும், அதற்கு மூச்சு என்றால் என்னவென்று தெரியாது. நீளமான தமிழ்ச் சொல் வந்தால் நடுவிலேயே ஒடித்துவிடும். அந்தப் பிழையைப் பற்றி யாருமே புகார் செய்யவில்லை, ஆகவே அந்தப் பிழை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். புகார் வரவில்லை, ஏனென்றால் உன் அம்மா ஞாயிறு தோறும் எட்டரை மணிக்கு வந்து F12 அமுக்கி, ஆய்வுப் பலகையைத் திறந்து, ஆறு பாட்டையும் கையாலேயே சரி செய்து வைத்திருக்கிறார்கள்.

அதில் செய்கிற திருத்தம் சேமிக்கப்படாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிரலை மூடினால் போய்விடும். அது சோதித்துப் பார்ப்பதற்கான பலகை. ஆகவே அடுத்த ஞாயிறு மறுபடியும். அதற்கு அடுத்த ஞாயிறும். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக.

"ஜெரிதான் சொல்லிக் குடுத்தான்" என்றார்கள் ஆன்டி. "'இத அமுக்கும்மா, சைட்ல கறுப்பா ஒண்ணு வரும், அந்த வரிய புடிச்சி இங்க ஒரு என்டர் அடி'ன்னான். இங்கிலீஷ்ல என்னென்னமோ இருக்கும். நான் அதெல்லாம் பாக்கறதில்ல. எனக்கு வேண்டியது எங்க இருக்குன்னு தெரியும். அதுக்கு என்னப்பா பேரு?"

"டெவலப்பர் டூல்ஸ் ஆன்டி."

"அப்ப நான் டெவலப்பரா?"

அல்போன்ஸ் அங்கிள் கோப்பிக் கோப்பையோடு திரும்பினார். "ரீத்தா டெவலப்பர்னா நான் யாரு? புரோகிராமரா?"

"நீங்க பக் அங்கிள், புரோகிராம்ல வர்ற பிழை" என்றேன். ஆன்டி அப்போதுதான் சிரித்தார்கள். அழுதுகொண்டேதான், ஆனாலும் சிரிப்புதான்.

கைப்பேசியில் உன் குறிப்பை எடுத்துக் காட்டினேன். "பொறு. இதைப் பயன்படுத்துற ஒரு ஆள் இருக்காங்க." ஆன்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்கள். இரண்டு முறை.

"ஆளாம். அம்மான்னு எழுதல பாரு."

"எல்லாரும் படிக்கற எடம் ஆன்டி. அதான்."

"வெக்கப்படறான்" என்றார்கள். வெட்கப்பட்டான் என்று சொல்லவில்லை.

மண்டபத்து இணையத்திலேயே கருவிப் பொதியைத் திரும்ப ஏற்றினேன். பொட்டலம் ஆறுவதற்குள் முடிந்தது. ஆன்டி F12 அமுக்கினார்கள். "வந்துருச்சி" என்றார்கள். எனக்கு உடனே பழைய மூட்டையையே திரும்பக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. எல்லாருக்கும் எல்லாமும், நீ வைத்திருந்த மாதிரியே. உன் நினைவாக என்று ஒரு வரி எழுதி வெளியிட்டால் எல்லாரும் கண்கலங்கியிருப்பார்கள். அப்படியே செய்யப் போவதாக ஆன்டியிடம் சொன்னேன்.

"எல்லாருக்குமா? அந்த டெங்கில் அண்ணன் மெஷின் நின்னுபோச்சின்னு நேத்து சொன்னியே, அது மறுபடி நின்னுடாதா?"

நின்றுவிடும். நான் முறுக்குக்கு நடுவில் பெருமையடித்ததை ஆன்டி நினைவில் வைத்திருந்தார்கள்.

கிள்ளானிலிருந்து திரும்பி வரும் ரயிலில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில், நம் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் இப்போது கைப்பேசியில் படம் பிடித்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். சாம்பார் அண்ணன் இன்னும் இருக்கிறார். "ஒத்த ஆளா வந்தா சத்தமே இல்லையே போஸ்" என்றார். உன் தங்கைக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. உன் பூனை என்னிடம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டது, பக்கத்து வீட்டில் இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் சண்டை.

சண்டையை முடிப்போம். நீ சொன்னாய், திறந்து பார்க்கிற சாமான் எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்று. ஆனால் உன் அம்மா எதையும் திறந்து பார்க்கவில்லையே மச்சான். அவர்களுக்கு வேண்டியது ஒரு பேனா. நீ கொடுத்தது ஒரு பட்டறை. வரியை மடக்கிச் சேமிக்க ஒரு பொத்தான் வைத்திருந்தால் அரைநாள் வேலை. ஏன் வைக்கவில்லை? "ஒரு ஆள் இருக்காங்க" என்று எனக்கு எழுதத் தெரிந்த உனக்கு அந்த ஆளுக்கு அரைநாள் கொடுக்கத் தெரியவில்லையா? நான் கேட்கிறேன், ஏனென்றால் நானும் அதையேதான் செய்கிறேன். என் அம்மாவின் கைப்பேசியில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று தீபாவளியிலிருந்து சொல்கிறார்கள். "பாக்கறேன்மா" என்றேன். இன்னும் பார்க்கவில்லை. அம்மாக்கள் எப்படியாவது சமாளித்துவிடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு வருகிற பிழை நம் பட்டியலில் ஏறுவதே இல்லை.

ஒருவேளை நீ அதைச் சொல்லத்தான் நேரில் வருவதாக இருந்தாயோ? பொத்தானை வைத்த பிறகு பிரிக்கலாம் என்று? எனக்குத் தெரியாது. உன் கணினியில் தேடினால் பாதி எழுதிய நிரல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நான் தேடப் போவதில்லை. இருந்தால் உன்னைப் புனிதன் ஆக்கிவிடுவேன், இல்லாவிட்டால் உன்மேல் கோபப்படுவேன். இரண்டும் வேண்டாம்.

பிரிக்க வேண்டும் என்று நான் சொன்னது சரி, அதிலிருந்து நான் இறங்க மாட்டேன். ஆனால் யாருக்குத் தேவையில்லை என்பதை நான் என் நாற்காலியிலிருந்தே முடிவு செய்தேன். சத்தம் போடாதவர்களை எல்லாம் ஆளே இல்லை என்று எண்ணிக்கொண்டேன். விருப்பம் என்று பேர் வைத்துவிட்டு, அந்த விருப்பத்தை யாரிடமும் கேட்கவில்லை. நேற்று ஆன்டி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "எதையெல்லாம் எடுக்கிறேன் தெரியுமா ஆன்டி, இதில் எதையாவது நீங்கள் தொடுவீர்களா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

சரி, புலம்பியது போதும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த விதத்தில், எண் போட்டு.

1. பொதி இரண்டாகவே இருக்கும். மன்னித்துக்கொள். ஆனால் கருவிகள் யோசனைப் படியிலிருந்து பரிந்துரைப் படிக்கு ஏறும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்து அது சொல்லாமல் மறையாது.

2. டெங்கிலுக்கு நானே போவேன். அங்கிளிடம் ஒவ்வொன்றையும் காட்டி, கேட்டு, அவர் வேண்டாம் என்பதை மட்டும் எடுப்பேன். அவர் எதையாவது வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு விட்டுவிடுவேன்.

3. வரியை மடக்கும் பொத்தான், பாடுதிரையின் உள்ளேயே. மடக்கியது சேமிக்கப்படும். இந்த வாரமே. சனிக்கிழமை ஆன்டியின் நோட்டைப் பக்கம் பக்கமாக அவர்கள் சொல்லச் சொல்ல ஏற்றுவேன்.

4. பதிப்புக் குறிப்பிலிருந்து "சாதாரணப் பயனருக்குத் தேவையில்லாத" என்பதை எடுப்பேன்.

5. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், இந்தத் திட்டத்தைத் தொடுவதற்கு முன், அம்மாவின் கைப்பேசி எழுத்து.

6. உன் "பொறு"வுக்குக் கீழே பதில் எழுதுவேன்: "ஆளைப் பார்த்தேன்." அதன் பிறகுதான் அந்தக் குறிப்பை மூடுவேன்.

7. அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்குக் கிள்ளான். பொத்தான் வந்திருக்கும், ஆனாலும் ஆன்டி கை பழக்கத்தில் F12 அமுக்கக் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். பொறுப்பேன்.

உன்னோடு கூடப் பிறக்காத, உன்னோடு சண்டையை இன்னும் விடாத மச்சான்,
கதிர்